காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்க வேண்டுமா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பாடம் கூடுகிறது, புத்தகச் சுமை கூடுகிறது, பல ஊர்களில் நடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. காலை உணவு மட்டும் நின்றுவிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 தொடக்கப் பள்ளிகளில் 1.14 லட்சம் குழந்தைகளுக்குச் சோறு போட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. மூன்று முறை விரிந்தபோதும் வகுப்பு வரம்பு அசையவில்லை: ஒன்று முதல் ஐந்து வரை.

அடுத்த அடி எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமானாலும் ஆசிரியர் ஓய்வறையானாலும் நான்கு யோசனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலை உணவை நீட்டிப்பது ஒன்று. வறுமையில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு மட்டும் தருவது இன்னொன்று. உணவுக்குப் பதிலாகத் தாயின் வங்கிக் கணக்கில் பணம் போடுவது மூன்றாவது. காலை உணவை இப்போதைய எல்லையிலேயே நிறுத்திவிட்டு, கூடுதல் நிதியை மதிய உணவின் தரத்துக்குச் செலவிடுவது நான்காவது. நான் எங்கே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டாம் வகுப்பு வரை, எல்லோருக்கும், பள்ளிச் சமையலறையிலேயே சமைத்து. மற்ற மூன்றையும் முன்வைப்பவர்கள் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவற்றில் ஒன்று என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே முற்றம், இரண்டு வரிசை

இந்தக் கேள்வியின் கூர்மை தெரிய வேண்டுமானால் நடுநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளி அது. காலை எட்டேகால் மணிக்குச் சமையலறை வாசலில் கிச்சடிப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பார்கள். தாளித்த கறிவேப்பிலை வாசனை முற்றம் முழுக்கப் பரவும். சின்னப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். தம்பியையோ தங்கையையோ கையைப் பிடித்து அழைத்து வந்த ஆறாம் வகுப்பு அக்கா, அவனை உட்கார வைத்து, சாம்பார் சட்டையில் சிந்தாமல் பார்த்து, சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் குழாயடியில் கழுவிப் பையில் வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போவாள். அவள் வீட்டிலும் அன்று காலை அடுப்பு எரிந்திருக்காது. தம்பிக்குப் பள்ளியில் கிடைக்கிறது என்ற நிம்மதியில் அம்மா வேலைக்குப் போயிருப்பார்.

நான் அறிந்த ஒரு பள்ளியில் சமையல் செய்யும் பெண், பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை வழித்து, சுவரோரம் நிற்கும் பெரிய பிள்ளைகளுக்குத் தருவார். பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. எத்தனை நாள் மிஞ்சும், யாருக்கு மிஞ்சும் என்பதற்கும் கணக்கு இல்லை. ஒரு மாநிலத்தின் உணவுத் திட்டம் ஒரு பெண்ணின் நல்ல மனத்தை நம்பி அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

பதினொன்று முதல் பதினான்கு வயது என்பது உடல் வேகமாக வளரும் பருவம். பெண் பிள்ளைகள் பூப்பெய்துவதும் பெரும்பாலும் இந்த மூன்று வகுப்புகளுக்குள்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அது பதினைந்து வயதில் திடீரென்று முளைப்பதில்லை. இதைத் தடுக்கவே ஆறாம் வகுப்புக்கு மேலும் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், ஆகவே உணவுக்குப் பிறகுதான் தர வேண்டும் என்பது ஆசிரியர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. மாத்திரையைத் தொடரும் அதே வகுப்பில் காலை உணவை நிறுத்துகிறோம்.

செலவு எவ்வளவு

2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது அரசு ஒதுக்கியது 404 கோடி ரூபாய், பயன்பெற்றவர்கள் 15.75 லட்சம் குழந்தைகள். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,565 ரூபாய். பள்ளி நாட்கள் இருநூற்றுச் சொச்சம் என்று வைத்தால், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய் அளவில் வரும். டீக்கடையில் ஒரு டீ குடிக்கும் காசு.

மேல் வகுப்புப் பிள்ளைக்கு அளவு கூட வேண்டும். தொடக்கப் பள்ளியில் காலைக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அந்த ஊரில் கிடைக்கும் காய்கறி என்று கணக்கு. மதிய உணவில் ஒன்றிய அரசின் விதி தொடக்க வகுப்புக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்கிறது. அதே விகிதத்தில் காலை உணவையும் ஒன்றரை மடங்காக்கினால், ஒரு லட்சம் பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்க்க ஆண்டுக்கு 38 கோடி ரூபாய் அளவில் ஆகும். விலைவாசி ஏறியதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுநிலைப்பள்ளிகளில் அடுப்பு இருக்கிறது, எரிவாயு இணைப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, அதிகாலையில் வந்து சமைக்கும் ஆளும் இருக்கிறார். அங்கே கூடுவது பெரும்பாலும் ரவையும் பருப்பும் எண்ணெயும்தான். ஒன்றரை மடங்குக் கணக்கு அங்கே பொருந்தாது, செலவு குறையும். இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைத்து மொத்தச் செலவைக் காட்டிப் பயமுறுத்துவது சரியான கணக்காகாது.

ஏழைக்கு மட்டும் என்றால்

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அரசுச் செலவில் பொங்கல் என்று கேட்பவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இருக்கும் பணத்தைத் தேவை அதிகம் உள்ள இடத்தில் போடுவது குடும்பம் நடத்தும் எவருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதான். ஆனால் இதை முழுவதுமாகச் செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது; அங்கே என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் 1946 முதல் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம் நடக்கிறது. அங்கே பிள்ளைகள் மூன்று தரம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் என்றால் இலவசம். 185 சதவீதம் வரை என்றால் சலுகை விலை, மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட். அதற்கு மேல் என்றால் முழு விலை. காகிதத்தில் இது நேர்த்தியாகத் தெரியும். நடைமுறையில் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத பெற்றோர், நிரப்பக் கூசும் பெற்றோர், சில டாலர் கூடுதல் வருமானத்தால் வரம்பைத் தாண்டியவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் வெளியே நின்றது. காசு கட்டாத பிள்ளைகளின் பெயரில் பள்ளிகளில் உணவுக் கடன் ஏறியது. சில இடங்களில் கடன் உள்ள பிள்ளையின் தட்டிலிருந்து சூடான உணவை எடுத்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். கையில் முத்திரை குத்தி அனுப்பிய பள்ளிகளும் உண்டு. வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க இது நடந்தது.

அந்த நாடு இதிலிருந்து மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏழைகள் அதிகம் உள்ள பகுதிகளில் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகத் தர 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. கொரோனா காலத்தில் 2022 நடுப்பகுதி வரை நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே கிடைத்தது. அந்த ஏற்பாடு முடிந்ததும் கலிஃபோர்னியாவும் மெய்னும் தங்கள் மாநில நிதியில் எல்லோருக்கும் தொடர்ந்தன. பின்னால் மினசோட்டா, வெர்மான்ட், நியூ மெக்சிகோ, மிச்சிகன், மாசசூசெட்ஸ், கொலராடோ என்று மற்ற மாநிலங்களும் வந்தன. எண்பது ஆண்டுகளாகச் சல்லடையோடு நின்றவர்கள் சல்லடையைக் கீழே போடும் நேரத்தில், நாம் அதைக் கையில் எடுக்க வேண்டுமா?

நம்முடைய அனுபவமும் இதே பக்கம்தான். 1997-இல் நாடு முழுவதும் ரேஷன் அட்டைகளை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. இன்றும் ரேஷன் அரிசி வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இங்கே அரிசி கிடைக்கிறது. மற்ற மாநிலங்களில் தகுதி உள்ளவர்களே பட்டியலில் விடுபட்ட கதைகளை ஆண்டுக்கணக்கில் படித்தோம். சத்துணவு மையத்திலும் இன்று யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை.

மேல் வகுப்பில் இது இன்னும் முக்கியம். ஏழு வயதுப் பிள்ளை தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வெட்கப்படுவதில்லை. பதின்மூன்று வயதுப் பையன் வெட்கப்படுவான். உயர்நிலைப்பள்ளிகளில் பையில் தட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் யார், டிபன் பாக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் யார் என்பது வகுப்புக்கே தெரியும். பசித்தாலும் வெளியே போய்க் கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லும் பையன்களை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஏழை என்று பட்டியல் போட்டு அழைத்தால் அந்தப் பையன் வரவே மாட்டான். யாரைத் தேடி அந்தப் பட்டியலைப் போடுகிறோமோ அவர்களையே அது விரட்டிவிடும்.

பணமாகக் கொடுத்தால்

இதை நீளமாகப் பேச வேண்டியதில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது மதிய உணவுக்கான சமையல் செலவைப் பணமாகத் தருவதாக 2021 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்தது: 11.8 கோடிப் பிள்ளைகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 1,200 கோடி ரூபாய். ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய். நூறு ரூபாயை வைத்து ஒரு தாய் எத்தனை நாள் சமைக்க முடியும்? தமிழ்நாடு அப்போது அரிசி, பருப்பு, முட்டை என்று பொருளாகவே கொடுத்தது; அதுவே மேல்.

தொகையைக் கூட்டிக் கொடுத்தாலும் கேள்வி தீராது. காலையில் வீட்டில் அடுப்பு எரியாததற்குக் காசு மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வேன் எத்தனை மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் தாய், நாற்று நடவுக்குப் போகும் தாய், நகரத்தில் நான்கு வீட்டில் பாத்திரம் கழுவும் தாய், எல்லோருக்கும் ஏழு மணிக்கு முன்பே நாள் தொடங்கிவிடுகிறது. அவர்களிடம் இல்லாதது நேரம். வங்கிக் கணக்கில் போடும் பணம் அதைத் தராது.

மதிய உணவை மேம்படுத்தலாமே

என்னை யோசிக்க வைத்த வாதம் இது. சத்துணவு ஊழியர் ஒருவர் சொன்னபோது உடனே மறுக்க முடியவில்லை. அவருடைய கேள்வி: இருக்கும் மதிய உணவே இன்னும் நன்றாக இருக்க முடியும் என்கிறபோது, புதிதாக இன்னொரு வேளையைத் தொடங்கி இரண்டையும் அரைகுறையாக நடத்துவானேன்?

அவர் பக்கம் வலு இருக்கிறது. மதிய உணவுக்கான பொருட்செலவாக ஒன்றிய அரசு 2025 மே முதல் நிர்ணயித்திருப்பது தொடக்க வகுப்புக்கு 6.78 ரூபாய், ஆறு முதல் எட்டு வரை 10.17 ரூபாய். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதிலும் 40 சதவீதம் மாநிலத்தின் பங்கு. நாமக்கல் பண்ணை விலையில் ஒரு முட்டை வாங்கினாலே சின்னப் பிள்ளையின் தொகையில் பெரும்பகுதி போய்விடும். தமிழ்நாட்டில் வாரம் ஐந்து முட்டை கிடைப்பது மாநிலம் தன் கையிலிருந்து போடுவதால்தான். அந்த முட்டையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது முட்டை இல்லை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, பிறகு படிப்படியாக ஏறி, 2010-இல் ஐந்தானது. 2013-க்குப் பின் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் வந்தன. ஒரு திட்டத்தை ஆண்டுகள் முழுக்க விடாமல் செழுமையாக்கும் வழி இதுதான். ஆகவே காய்கறியை இரட்டிப்பாக்குங்கள், வாரம் இரண்டு நாள் பழம் கொடுங்கள், கம்பும் கேழ்வரகும் கொண்டுவாருங்கள் என்று ஒருவர் கேட்டால் அது முழுக்க நியாயமான கோரிக்கை.

ஆனாலும் இது காலை உணவுக்கு மாற்றாக முடியாது என்றே முடிவுக்கு வந்தேன். காரணம் கடிகாரம். மதிய உணவு பன்னிரண்டரை மணிக்கு. முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை அதற்குள் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்கும். வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது மயங்கி விழும் பிள்ளைகளை முதலில் கேட்கும் கேள்வி, காலையில் சாப்பிட்டாயா என்பதுதான். கணக்கும் ஆங்கிலமும் பெரும்பாலும் காலைப் பாடவேளைகளில்தான் வைக்கப்படுகின்றன, மனம் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கையில். மதியச் சாப்பாட்டை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் பத்து மணிப் பசிக்கு அது உதவாது. பசித்துக் கிடந்து மதியம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப் பிற்பகல் முழுக்கத் தூங்கி வழியும் பிள்ளையையும் ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். காலை உணவின் முதல் கட்டத்தை ஆராய்ந்த மாநிலத் திட்டக் குழு, பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியிருப்பதாகச் சொன்னது. அது நேரத்துக்கு உணவு தந்ததன் பலன்.

எனவே அந்த ஊழியரின் அச்சத்தை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறேன்: காலை உணவை நீட்டிக்கும் ஆண்டில் மதிய உணவின் ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. குறைத்துத்தான் நீட்டிக்க முடியும் என்றால், நீட்டிப்பை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

யார் சமைப்பது

எல்லோருக்கும் என்று முடிவான பிறகு வரும் அடுத்த கேள்வி இது. இதில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. ஒரு பக்கம், நகரத்துக்கு ஒரு பெரிய சமையற்கூடம் அமைத்து, நீராவிக் கொப்பரைகளில் பல ஆயிரம் பேருக்குச் சமைத்து, வேனில் பள்ளிகளுக்கு அனுப்பும் முறை. இன்னொரு பக்கம், ஒவ்வொரு பள்ளியிலும் உள்ளூர்ப் பெண்கள் சமைப்பது.

பெரிய கூடத்துக்குச் சாதகமானவற்றை மறைக்கக் கூடாது. பொருளை மொத்தமாக வாங்கலாம், தரப் பரிசோதனை செய்யலாம், கை படாமல் சமைக்கலாம். பள்ளிச் சமையலறைகளில் நடந்த கொடுமைகளை நாம் மறந்துவிடவும் முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவு அடுப்பிலிருந்து கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. 2013-இல் அதே ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில், பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த உணவைத் தின்ற 23 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளியில் சமைப்பது என்று சொல்பவர் கான்கிரீட் கூரை, எரிவாயு அடுப்பு, தீயணைப்பான், பூட்டிய பொருளறை, சமைத்ததைப் பிள்ளைகளுக்கு முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்ப்பது ஆகிய எதிலும் சமரசம் இல்லை என்றும் சொல்லியாக வேண்டும்.

அப்படியும் நான் பள்ளி அடுப்பையே தேர்ந்தெடுப்பேன். முதல் காரணம் சூடு. காலை எட்டேகாலுக்குப் பரிமாற வேண்டிய உப்புமாவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமானால் நள்ளிரவு கழிந்ததுமே சமைக்கத் தொடங்க வேண்டும். மதியச் சாம்பார் சாதம் சில மணி நேரம் தாங்கும். ரவை தாங்காது, இறுகிக் கட்டியாகி, தொண்டையில் இறங்காது. பிள்ளைகள் ஒதுக்கினால் திட்டமே வீண்.

இரண்டாவது காரணம், சமைப்பவரின் பழக்கம் பிள்ளையின் தட்டுக்கு வருவது. பெங்களூரில் 2000-இல் தொடங்கி நாடு முழுக்கப் பெருங்கூடங்கள் நடத்தும் அட்சய பாத்திரம் அறக்கட்டளை வெங்காயம், பூண்டு, முட்டை சேர்ப்பதில்லை. கர்நாடகத்தில் 2018, 2019 காலத்தில் இதையொட்டிப் பெரிய விவாதமே நடந்தது. அவர்களுடைய சுத்தத்தையும் உழைப்பையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பூண்டு ரசமும் முட்டைக் குழம்பும் சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளியில் எது சோறு என்பதை அந்த ஊர் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாயைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்தச் சோதனைச் சாலையும் தராத உத்தரவாதம் அது. தன் மகள் சாப்பிடப் போகும் பாத்திரத்தில் கெட்டுப்போன பருப்பைப் போட யாருக்கும் மனம் வராது. இந்த முறை சாதியோடும் நேருக்கு நேர் மோதுகிறது. 2023-இல் கரூர் மாவட்டத்திலும், எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டியிலும் பட்டியலினப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சமைத்த பெண் வேலையில் தொடர்ந்தார். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுரம் வட்டாரம். வேன் மூலம் வரும் சோறு இந்தச் சண்டையைத் தவிர்த்துவிடும். தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. யார் சமைத்தாலும் சோறு சோறுதான் என்பதைப் பத்து வயதுக்குள் கற்கும் இடம் பள்ளியின் சாப்பாட்டு வரிசை.

எந்த வரிசையில் செய்யலாம்

நடுநிலைப்பள்ளிகளின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை முதலில் சேர்க்க வேண்டும். கட்டடம் கட்டத் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டின் முதல் நாளிலேயே செய்துவிடலாம். அடுத்தது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் அதே மூன்று வகுப்புகள். அங்கே சத்துணவுக் கூடம் இருந்தாலும் காலைக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், பஸ் ஒன்பது மணிக்கு வந்தால் எட்டேகால் பந்தி அவர்களுக்குப் பயன்படாது. எனவே அந்தப் பள்ளிகளில் பரிமாறும் நேரத்தை முதல் பாடவேளைக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளைப் பற்றி இப்போதே முடிவெடுக்க அவசியம் இல்லை. எட்டு வரை இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்து, பெரிய பிள்ளைகள் எந்த அளவுக்கு வந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு பேசலாம். தினமும் ரவையும் சேமியாவும் என்றால் அவர்கள் வர மாட்டார்கள் என்பது என் கணிப்பு. இட்லி, முட்டை என்று பட்டியல் மாற வேண்டியிருக்கும்.

சமைக்கும் பெண்களின் நிலையையும் இதோடு சேர்த்தே தீர்க்க வேண்டும். தன் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் அந்தத் தாய் சமையல் வேலையை இழக்கும் நிலை இன்று இருக்கிறது; எட்டாம் வகுப்பு வரை திட்டம் நீண்டால் கை தேர்ந்தவர் இன்னும் மூன்றாண்டு நீடிப்பார். சத்துணவு அமைப்பாளர்களும் சமையலர்களும் காலை உணவையும் தங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்ப அரசு ஆணையிட்டது. மாதம் மூன்றாயிரத்துக்கு ஒருவர் காலையும் மதியமும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. உயர்நிலைப்பள்ளிகளில் காலைப் பொறுப்பைச் சத்துணவு ஊழியர்களிடமே கொடுத்து, அதற்குத் தனிச் சம்பளம் போட்டு, நடுநிலைப்பள்ளிகளில் சுய உதவிக் குழுவைத் தொடர விடலாம். இந்தச் சம்பளம் 38 கோடிக் கணக்கில் சேரவில்லை. சேர்த்துத்தான் நிதிநிலை அறிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும்.